நல்ல ஹேமரைச் சாகடித்த கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு மடையன். பிறர் வாயால் நீங்கள் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சுமே என்று ஒரு நப்பாசை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகள் நிற்கிற எந்த டீக்கடையிலும் என்னைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். "நல்லா இருக்கற ஹேமரச் செத்துப்போச்சுன்னு சொன்னாரே, அவருங்களா?" என்பார்கள். அவர்தான் இவர்.

புதிதாக ரிக்கை ஓட்டும் லீவர் பிடிக்க வந்திருக்கும் தம்பிகளே, உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொல்லிச் சங்கத்தில் கேட்டார்கள். ஆழ்துளைக் கிணறு போடுவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. ராடு மாட்டுவதையும் கேசிங் குழாய் இறக்குவதையும் வண்டியில் ஏறிய கொஞ்ச நாளில் திட்டு வாங்கியே கற்றுக்கொள்வீர்கள். நான் எழுதப்போவது காதுக் குறும்பியைப் பற்றி. சிரிக்காதீர்கள். இத்தனை வருஷம் பாறையை உடைத்துப் பிழைத்த என்னை, லீவரை விட்டே இறக்கிவிட்டது அந்தக் குறும்பி.

நம் தொழிலில் நாம் செய்கிற வேலை நம் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றோடொன்று மாட்டிய ராடுகளின் நுனியில் ஹேமர் பல நூறு அடிக்குக் கீழே இருட்டில் கிடந்து பாறையை இடிக்கிறது. மேலே நிற்கிற நமக்குத் தெரிவதெல்லாம் வெளியே வருகிற தூளும், அங்கிருந்து ஏறி வருகிற சத்தமும்தான். கருங்கல் என்றால் கணீரென்று பேசும். உளுத்த பாறை என்றால் தொண்டை கட்டினவன் மாதிரி பேசும். களிமண்ணில் தொப்புத் தொப்பென்று அலுத்துக்கொள்ளும். பாறைக்கு நடுவே நீர் ஓடுகிற வெடிப்பு வந்தால், அதை நாம் கேப் என்கிறோம் அல்லவா, ஒரு கணம் பேச்சே நின்றுபோய் ராடு லேசாக இறங்கும். ஹேமருக்குக் காற்று அனுப்புகிற கம்ப்ரசர் போடுகிற கூச்சலுக்கு நடுவே இந்தப் பேச்சைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தவன்தான் டிரில்லர்.

எனக்கு அது தெரியும் என்று ஊரில் பேச்சு. "பாம்புக்காது" என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நான் அதைக் கேட்காதவன் போல நடித்துக்கொண்டே, வேலை பிடிக்கப் போகிற இடத்தில் எல்லாம் அது எப்படியாவது தெரியும்படி பார்த்துக்கொள்வேன்.

இந்தப் பாம்புக்காதில்தான் என் மகள் ஒரு பரிசைக் கொண்டுவந்து சொருகினாள். பெங்களூரில் வேலை பார்க்கிறவள். போன தடவை வந்தபோது, வயர் இல்லாத இயர்பட்ஸ் ஒரு ஜோடி. அவரைக்கொட்டை அளவு. காதுத் துளைக்குள் ரப்பர் நுனி போய் அடைத்துக்கொள்ளும். பழைய பாட்டுக் கேட்கத்தான் கொடுத்தாள். நானோ அதைக் காலை டீக்குப் போட்டால் படுக்கும்போதுதான் கழற்றினேன். கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கும்போதும் போட்டுக்கொண்டேன். கேட்டவர்களிடம், சத்தத்திலிருந்து காதுக்குப் பாதுகாப்பு என்று விளக்கம் வேறு சொன்னேன். பாதுகாப்புக்காகப் போட்டதன் உள்ளேயே பாட்டை முழு சத்தத்தில் வைத்திருந்ததைச் சொல்லவில்லை.

நான் ஆரம்பித்தால் வண்டியில் மற்றவர்கள் விடுவார்களா? என்னுடைய மாற்று டிரில்லர் குணா ஒரு ஜோடி வாங்கினான். முப்பது வயதுக்காரன், கெட்டிக்காரன், என்னிடம் நல்லதைக் கற்றுக்கொண்ட அதே வேகத்தில் கெட்டதையும் கற்றுக்கொள்கிறவன். ராடு மாட்டுகிற பிரகாசுக்கு மட்டும் ஆசை வரவில்லை. அவர் சத்தீஸ்கர்காரர். நம் ஊருக்கு வந்து வெகுகாலமாகி, நம்மைவிட அதிகமாக "ங்க" போட்டுப் பேசுகிறவர். காதைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் அவருக்கு.

ஒரு நாள் இடது பக்க பட்ஸின் ரப்பர் நுனியைக் காணோம். வண்டியைத் தலைகீழாகப் புரட்டினேன். கூட்டிப் பெருக்கினது பிரகாஷ் என்பதால் அவர் மீது பழி. பாவம், அவர் மறுபடி ஒரு தடவை கூட்டித் தேடினார். நான் டப்பாவில் இருந்த வேறு ரப்பரை மாட்டிக்கொண்டு பாட்டைத் தொடர்ந்தேன்.

அதற்குப் பிறகு உலகம் மெல்ல மெல்ல மாற ஆரம்பித்தது.

முதலில் கம்ப்ரசர் சத்தம் குறைந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, நல்ல வேலை செய்திருக்கிறாய் என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன். அவன் எதையும் தொட்டிருக்கவில்லை. ஆனாலும் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டான். பிறகு என் மனைவி சாந்த சொரூபியாக மாறினாள். வயதாக வயதாகப் பக்குவம் வருகிறது என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். பஸ் ஹாரன்கள் நாகரிகம் அடைந்தன. பிள்ளையார் கோயில் மணியில் விரிசல் விட்டிருப்பதாகப் பூசாரியிடம் புகார் சொன்னேன். என் வலது காதுக்குள் யாரோ பஞ்சு மூட்டை இறக்கி வைத்தது போலவும், இடது காதுக்குள் கதவையே சாத்தியது போலவும் இருந்தது. அப்போதும் எனக்கு என் காதின் மேல் சந்தேகம் வரவில்லை. பாம்புக்காது அல்லவா.

என் குரல் மட்டும் எனக்குள் குடத்துக்குள் பேசுவது போல முழங்கியது. ஏன் இப்படிக் கத்துகிறோம் என்று நானே தணித்துப் பேசினேன். "என்னங்ண்ணா சொன்னீங்க?" என்று குணா நான்கு தடவை கேட்பான். இந்தக் காலத்துப் பையன்களுக்குக் காதே கேட்பதில்லை என்று பிரகாசிடம் வருத்தப்பட்டேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

நடுவில் வைத்தியமும் நடந்தது. பைக் சாவி, ஊக்கு, தீக்குச்சி, காய்ச்சிய நல்லெண்ணெய். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கதவு இன்னும் கொஞ்சம் கெட்டியாகச் சாத்திக்கொண்டது. உச்சகட்டமாக ஒரு நாள், ஏர் ஃபில்டரில் தூசி ஊதுகிற கம்ப்ரசர் குழாயை எடுத்துக் காதுக்கு நேரே பிடித்துவிட்டேன். பாறைத் தூளையே கீழே இருந்து தூக்கி வெளியே எறிகிற காற்று, ஒரு துளி அழுக்கை எறியாதா என்று கணக்கு. நம் தொழில்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை இது. பிரகாஷ் பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, இந்தக் காதுல உட்டா அந்தக் காது வழியா மூளை வந்துருமுங்க."

"வந்தா என்ன?" என்றேன்.

"இருந்தா வருமுங்க," என்று குழாயைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

அந்த வாரம்தான் மல்லசமுத்திரம் பக்கத்தில் ஒரு விவசாயக் காட்டில் வேலை. குழி நல்ல ஆழம் போயிருந்தது. நான் லீவரில். ஹேமர் சத்தம் மங்கிக்கொண்டே வந்தது. எனக்கு அப்படித்தான் கேட்டது. களிமண்ணா என்று பார்த்தால் வெளியே வருவது சுத்தமான கருங்கல் தூள். கருங்கல்லில் இருந்துகொண்டு ஹேமர் தொப்புத் தொப்பென்று அடித்தால் என்ன அர்த்தம்? உள்ளே பிஸ்டன் போய்விட்டது என்று அர்த்தம். நிறுத்தச் சொன்னேன். "ஹேமரு செத்துப்போச்சு, தூக்கு," என்றேன்.

குணா தலையைச் சொறிந்தான். அவனுக்குச் சத்தம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் பாம்புக்காது சொல்லும்போது எதிர்த்துப் பேச அவன் யார்? ஒவ்வொரு ராடாகக் கழற்றினார்கள். வெயிலில் எல்லோருக்கும் உயிர் போயிற்று. கடைசியில் ஹேமரை வெளியே எடுத்துத் தரையில் நிறுத்திக் காற்றைக் கொடுத்தார்கள். அது ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளித் துள்ளி ஆடியது. காட்டுக்காரர், அவர் மச்சான், கரும்பு வெட்ட வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் மட்டும் குனிந்து, "சத்தமே இல்லியே பாருங்க," என்றேன். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

தம்பிகளே, ஒரு மனிதனுக்குத் தன் குறை தெரிகிற கணம் என்று ஒன்று உண்டு. எனக்கு அது ஒரு கரும்புக்காட்டில், சுற்றி நின்றவர்களின் முழங்கைகளைப் பார்த்து விடிந்தது.

சாயந்திரம் முதலாளியம்மா வந்தார். கணவர் போன பிறகு இரண்டு ரிக்குகளைத் தனியாக நடத்துகிறவர். வார்த்தைகளை டீசல் மாதிரி செலவழிப்பவர். ஒரு சொட்டு வீணாகாது. நான் ஹேமரின் தேய்மானம், தூளின் நிறம், கம்பெனிக்காரர்களின் தரம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "காது வர்ற வரைக்கும் குணா புடிக்கட்டுமுங்க."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அன்று முதல் நான் வண்டியில் ஒரு சுமை.

அன்றைக்கு என்னைத் தூங்கவிடாமல் செய்தது அவமானம் அல்ல, பயம். எனக்குத் தொழில் பழக்கிய டிரில்லர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். கம்ப்ரசர் இரைச்சலிலேயே நின்று நின்று அவருக்குக் காது போனது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் உதட்டைப் பார்த்தும் தூளைப் பார்த்தும் லீவரில் கை வைத்து அதிர்வைப் பார்த்தும் சமாளித்தார். நாங்களும் தெரியாதது போல இருந்தோம், மரியாதையாம். ஒரு நாள் ராடு மறை கழன்று ஓடுகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. நாங்கள் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் மொத்த ராடும் ஹேமரோடு குழிக்குள் போய்ச் சேர்ந்தது. அவர் அதற்குப் பிறகு லீவரைத் தொடவில்லை. அவருடைய கதிதான் எனக்கும் என்று நினைத்தேன். ஒரு வித்தியாசம் மட்டும் செய்யலாம் என்று தோன்றியது: மறைக்காமல் டாக்டரிடம் போவது.

ராசிபுரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர். சின்ன வயதுப் பெண். ஆத்தூர்ப் பக்கம் போல, பேச்சில் "ங்க" கம்மி. கருவியைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பட்ஸ் வச்சுக் காதைக் குடைவீங்களா?"

"அந்தக் கெட்ட பழக்கமெல்லாம் கெடையாதுங்க டாக்டர். பைக் சாவிதானுங்க."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கியது தெரிந்தது. டாக்டர் உரக்கப் பேசினார். செவிடு இல்லை, அடைப்புத்தான், ரெண்டு காதிலும் குறும்பி கெட்டியாகிக் கிடக்கிறது என்றார். எனக்கு அப்போது வந்த அழுகையைத் தும்மலாக மாற்றிவிட்டேன்.

அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். குறும்பி அழுக்கு இல்லையாம். தூசியையும் பூச்சியையும் உள்ளே விடாமல் பிடிக்கிற வாட்ச்மேனாம். தன் வேலை முடிந்ததும் மெல்ல மெல்லத் தானே வெளியே நடந்து வந்துவிடுமாம். நான் நாள் முழுக்க ரப்பரை வைத்து வாசலை அடைத்து, வெளியே வருகிறவனை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறேன். போதாததற்குச் சாவியும் தீக்குச்சியும் கொண்டு குத்திக் கெட்டித்திருக்கிறேன். கேசிங் பைப்பைச் சுற்றி நாம் மண்ணைக் குத்திக் கெட்டிக்கிற மாதிரி.

இப்போதே எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். முடியாது என்றார். கல் மாதிரி இருக்கிறது, சில நாள் சொட்டு மருந்து விட்டு ஊறின பிறகுதான். அதற்குள் ஊறி உப்பிக்கொண்டு இன்னும் அடைக்கும், பயப்படக் கூடாது என்றார்.

"டாக்டர், நாங்க கருங்கல்லையே காத்துல ஒடைக்கறவங்க. இதுக்குப் போயி சொட்டு மருந்துங்களா?"

"உங்க கருங்கல்லுக்குப் பின்னாடி செவிப்பறை இல்லையே," என்றார்.

சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தச் சில நாட்களும் அவர் சொன்னபடியே நடந்தது. இருந்த கொஞ்சமும் அடைத்துப்போய், உலகம் முழுவதும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. மருந்தை நிறுத்திவிட்டு மறுபடியும் சாவியை எடுக்கலாமா என்று கை பரபரத்தது. அவசரத்தில் இருக்கிறவனுக்குக் கை சும்மா இருப்பதுதான் பெரிய வேலை. ராடு மாட்டிக்கொண்டால் ஆத்திரத்தில் இழுத்து முறிக்கிறவர்களை நீங்கள் பார்ப்பீர்கள். கொஞ்சம் காற்று விட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, காத்திருந்து எடுக்கிறவனையும் பார்ப்பீர்கள். இரண்டாவது ஆளாக இருங்கள். அவனுக்குத்தான் ராடு மிஞ்சும். காதும்.

மறுபடி போனபோது டாக்டர் வலது காதை முதலில் பார்த்தார். சின்னக் குழாயால் உறிஞ்சி எடுத்ததும் தட்டில் புளியங்கொட்டை மாதிரி ஒன்று விழுந்தது. விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது! இடது காதுக்கு வந்தவர் கொஞ்சம் எடுத்துவிட்டு நிறுத்தினார். மறுபடி பார்த்தார். நர்ஸைப் பார்த்தார். மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டு, நிதானமாக எதையோ வெளியே கொண்டுவந்து தட்டில் வைத்தார்.

கறுப்பாக, தொப்பி மாதிரி. பிரகாஷ் தொலைத்ததாக நான் வண்டியெல்லாம் தேடின ரப்பர்.

நர்ஸ் இந்தத் தடவை திரும்பிக்கொள்ளவில்லை, நேராகவே சிரித்தார். நானும் சிரித்தேன். இத்தனை நாள் தொலைந்த பொருளைத் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியவன் சிரிக்காமல் என்ன செய்வான்? டாக்டர் காது கேட்கும் சோதனையும் செய்தார். கம்ப்ரசர் தின்ற பங்கு கொஞ்சம் உண்டு, அது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்றார். வேலையில் காதின் மேலே கவிழ்த்துக்கொள்கிற பெரிய மூடி போடுங்கள், காதுக்குள் எதையும் திணிக்காதீர்கள் என்றார். பாட்டுக் கேட்பதென்றால் கொஞ்ச நேரம், குறைந்த சத்தம், ரப்பரைத் துடைத்துவிட்டு. ஒவ்வொரு காதருகிலும் விரல்களைத் தேய்த்து, இரண்டிலும் ஒரே மாதிரி கேட்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளவும் சொல்லித் தந்தார்.

வெளியே வந்தால் ராசிபுரம் முழுவதும் என் மேல் பாய்ந்தது. செருப்புத் தேய்கிற சத்தம், பரோட்டாக் கடையில் கரண்டி, கண்டக்டர் விசில். கூட வந்திருந்த என் மனைவி பஸ்ஸில் பேச ஆரம்பித்தாள். ஏன் இப்படிக் கத்துகிறாய் என்றேன்.

"இத்தன நாளும் இப்படித்தானுங்க பேசீட்டிருந்தேன்," என்றாள்.

அவளுக்குப் பக்குவம் வந்துவிட்டதாக நான் நெகிழ்ந்த அத்தனை வாரமும் அவள் என்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மறுநாள் வெண்ணந்தூர்ப் பக்கம் வண்டி நிற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கழுத்தில் புதுக் காதுமூடி, சிவப்பு நிறம். "ஏரோப்ளேன் எங்கீங்ண்ணா நிக்குது?" என்று கேட்டான் குணா. லீவரில் அவன்தான் இருந்தான். நான் வண்டியைத் தொடாமல் தள்ளி நின்றேன். முதலாளியம்மா இன்னும் வாயைத் திறக்கவில்லையே. பிரகாசிடம் ரப்பரைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"என்ர கிட்ட எதுக்குங்ண்ணா? இருந்த எடத்துலயே பத்தரமா இருந்திருக்குமுங்களே."

காட்டுக்காரி பாவாயி என்று ஒருவர். மாடுகள் வைத்திருப்பவர், கொஞ்சம் மரவள்ளி. பழைய குழி வற்றிப்போய் டிராக்டர் தண்ணீர் வாங்கி மாடுகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். போன வருஷம் போட்ட ஒரு குழி பொய்த்துவிட்டது. இன்னொன்று போடத் தெம்பில்லை, இதுதான் கடைசி என்று குணாவிடம் சொல்லியிருந்தாராம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, மல்லசமுத்திரத்துல ஹேமரு செத்துப்போச்சுன்னவரு நீங்கதானுங்களா?"

"நாந்தானுங்க அம்மிணி."

"அப்ப நீங்க அந்தப் புளியமரத்துக்கிட்ட நில்லுங்க," என்றார்.

நின்றேன். குழி நல்ல ஆழம் போயிருந்தது. தூள் காய்ந்து வெளியே வந்துகொண்டிருந்தது, ஈரமே இல்லை. நான் காதுமூடியைப் போட்டேன். ஒரு அதிசயம் சொல்கிறேன் கேளுங்கள். மூடியைப் போட்டதும் கம்ப்ரசரின் கூச்சல் அடங்கியது, ஆனால் ஹேமரின் பேச்சு அதன் வழியே தெளிவாக வந்தது. கணீர், கணீர். கருங்கல். ரொம்ப நாள் கழித்து ஊர்க்காரன் குரலைக் கேட்ட மாதிரி இருந்தது எனக்கு.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கணீருக்குப் பின்னால் ஒரு சின்ன ஒட்டு சேர்ந்தது. கணீர், கிணுக். கணீர், கிணுக். தகர டப்பாவுக்குள் ஒரு காசு கிடந்து குலுங்குகிற மாதிரி.

அது எனக்குத் தெரிந்த சத்தம். ஹேமரின் முனையில் பாறையைக் கடிக்கிற பிட், அதன் கழுத்தில் விரிசல் விட்டால் இப்படித்தான் பேசும். இன்னும் கொஞ்சம் ஓட்டினால் கழுத்து ஒடிந்து பிட் உள்ளேயே தங்கிவிடும். இரும்பின் மேல் இரும்பை வைத்துக் குடைய முடியாது. குழி அத்தோடு சரி. பாவாயிக்கு வேறு குழியும் இல்லை.

ஆனால் மல்லசமுத்திரத்திலும் எனக்கு இதே நிச்சயம்தான் இருந்தது. அதைத்தான் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். மடையனுக்கும் கெட்டிக்காரனுக்கும் உள்ளே ஒரே மாதிரிதான் தோன்றும். இப்போதும் தப்பாகச் சொல்லி மறுபடி எல்லா ராடையும் தூக்க வைத்தால், லீவர் கனவிலும் கிடைக்காது. பேசாமல் புளியமரத்தடியில் நின்றுவிட்டால் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். லீவர் என் கையில் இல்லையே.

மூடியைக் கழற்றினேன். டாக்டர் சொன்னபடி விரல்களைத் தேய்த்தேன். இருந்த இரைச்சலில் ஒன்றும் புரியவில்லை. காட்டின் மறுகோடிக்கு ஓடினேன். ஓடுகிற என்னைப் பாவாயியின் மாடுகள் நிமிர்ந்து பார்த்தன. அங்கே தேய்த்தேன். வலது, இடது, இரண்டும் ஒன்றுதான். அங்கிருந்தும் அந்தக் கிணுக் லேசாகக் கேட்டது. திரும்பி ஓடி வந்து பிரகாசின் துண்டை அவிழ்த்து, கேட்கிறதா என்றேன். அவர் முயன்று பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

ஆக, நான் ஒருவன்தான். குணாவிடம் போய் நிறுத்தச் சொன்னேன். அவன் திரும்பவே இல்லை. மறுபடி கத்தினேன். பிறகுதான் அவன் காதைப் பார்த்தேன். இரண்டிலும் பட்ஸ், நான் வாங்கின அதே நிறம், நான் சொல்லிக்கொடுத்த அதே பாதுகாப்பு. என் மடத்தனம் வண்டியில் எனக்கு முன்பே ஏறி லீவரில் உட்கார்ந்திருந்தது. ஒன்றைப் பிடுங்கினேன்.

"பிட்டு ஒடையப் போகுது. தூக்கு."

குணா ஹேமரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். "மறுபடியுமாங்ண்ணா?" என்றான். குரலில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. அதுதான் அதிகம் வலித்தது.

பாவாயி ஓடி வந்தார். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிடலாமே, பக்கத்துக் காட்டில் இதற்கும் கீழேதான் தண்ணீர் வந்தது என்றார். நான் ஹேமரைப் பற்றியோ என் அனுபவத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. "அம்மிணி, இது ஒடஞ்சு உள்ள தங்கீருச்சுன்னா உங்க குழி போச்சுங்க. நான் சொல்றது தப்புன்னா போறது என்ர பேருதானுங்க, அதுல இனிப் போறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லீங்க," என்றேன்.

பாவாயி புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குணாவின் பக்கம் திரும்பினார்.

குணா முதலாளியம்மாவுக்கு ஃபோன் போட்டான். விஷயத்தைச் சொன்னான். அந்தப் பக்கத்தில் இருந்து வந்தது சுருக்கமான கேள்வி, ஃபோனை அவன் காதில் வைத்திருந்தும் எனக்குக் கேட்டது.

"அந்தச் சத்தம் உனக்குக் கேட்டுதா?"

"இல்லீங்."

"அப்பத் தூக்கு."

போன தடவை எல்லோருக்கும் கேட்டது எனக்குக் கேட்கவில்லை, இந்தத் தடவை யாருக்கும் கேட்காதது எனக்குக் கேட்கிறது, அடைத்த காதுக்கு அது முடியாது என்பது அவர் கணக்கு. தூக்கினார்கள். ஒவ்வொரு ராடாக. நான் அத்தனை ராடுக்கும் எனக்குத் தெரிந்த அத்தனை சாமிகளையும் கூப்பிட்டேன். முதலில் நம் ஊர்ச் சாமிகள், பிறகு மேட்டூர்ப் பக்கம், பிறகு பிரகாசின் ஊர்ச் சாமிகள். ஹேமர் வெளியே வந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது. பிட் முழுசாக இருந்தது. குணா பிட்டைத் துணியால் துடைத்தான். ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அந்தப் புளியமரத்துக்கே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

பிரகாஷ் பெரிய ஸ்பேனரை எடுத்து வந்து பிட்டின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். கணீருக்குப் பதில் டொக் என்றது. இன்னொரு தட்டு. பிட் கழுத்தோடு ஒடிந்து பாவாயியின் காலருகே விழுந்து உருண்டது.

பாவாயி குனிந்து அதைப் பார்த்தார். தொடவில்லை. "இது உள்ள உழுந்திருந்தா?" என்று கேட்டார். குணா காதில் இருந்த மிச்ச பட்ஸையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பாவாயி என் பக்கம் திரும்பி, "தள்ளி நிக்காதீங்ண்ணா, இப்படிக் கிட்ட வாங்க," என்றார். எனக்கு ஆஸ்கார் கொடுத்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

புது பிட்டை மாட்டி இறக்கினார்கள். குணா லீவரை விட்டு எழுந்து எனக்கு இடம் விட்டான். நான் உட்காரவில்லை. காது வருகிற வரைக்கும் என்று சொன்னவர் வந்துவிட்டது என்று சொல்லட்டும் என்றேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கணீர், கணீர், கணீர். பின்னால் ஒட்டு இல்லை. சுத்தமான பேச்சு. பிறகு, ஒரு கணம், அந்தப் பேச்சு நின்றது. ராடு லேசாக இறங்கியது. நானும் குணாவும் ஒரே நேரத்தில் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்தத் தடவை அவனுக்கும் கேட்டிருந்தது.

தூள் கறுத்தது. சேறானது. பிறகு குழியில் இருந்து தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும்பி எங்கள் எல்லோர் தலையிலும் கொட்டியது. பாவாயி ஓடவில்லை, அப்படியே நின்று நனைந்தார். மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின. பிரகாஷ் துண்டை அவிழ்த்துச் சுழற்றினார். நான் மட்டும் காதுமூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் போய் மறுபடி அடைத்துவிட்டால்?

தம்பிகளே, இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். சத்தம் மாறினால் ஹேமரைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் காதைச் சோதியுங்கள். காது சரியென்று தெரிந்துவிட்டால், முன்னே எத்தனை தடவை தப்பாகச் சொல்லியிருந்தாலும் வெட்கப்படாமல் மறுபடி சொல்லுங்கள். முன்னது தெரியாததால் நான் ஒரு நல்ல ஹேமரைச் சாகடித்தேன். பின்னது தெரியாமல் போயிருந்தால் ஒரு குழியைச் சாகடித்திருப்பேன்.

ஈரச் சட்டையோடு புளியமரத்தடிக்கு வந்து முதலாளியம்மாவுக்கு நானே ஃபோன் போட்டேன். அவர் எடுத்ததும் ஆரம்பித்தேன். கணீரில் இருந்து கிணுக் வரை, காட்டின் மறுகோடிக்கு ஓடியது, மாடுகள் பார்த்தது, பாவாயி கேட்டது, டாக்டர் சொன்னது, ரப்பர், புளியங்கொட்டை, பனைமர உயரத் தண்ணீர், எதையும் விடவில்லை. ஆரம்பத்திலேயே அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு மேலே பேசினேன். ஃபோனில் கை தெரியாது என்பது அப்போது நினைவில்லை. மூச்சு வாங்கி முடித்து, கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் வாழ்நாளில் நான் கேட்ட மிகப் பணிவான கேள்வியைக் கேட்டேன்: நாளைக்கு லீவர் யாருங்க?

"நீங்களே புடிங்கன்னு எடுத்தொடனே சொல்லீட்டனுங்களே, காதுல உழுகலீங்களா?"